ஏற்காடு ரோட்டில் ஈப்போ அக்கா கடை: பாகற்காய் தீர்வதற்குள் போய்விடுங்கள்

சேலம் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற வழியில் இடது பக்கம் ஒரு பஞ்சர் கடை வரும். அதை ஒட்டின புளியமரத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. போர்டில் பெயர் கிடையாது. "மீ, கொய்த்தியாவ், தே" என்று மூன்றே வார்த்தை சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கும். அஸ்தம்பட்டியில் ஆட்டோ பிடிப்பவர்கள் "ஈப்போ அக்கா கடை" என்று சொல்லிப் பாருங்கள், தெரியவில்லை என்றால் "பஞ்சர் கடை பக்கத்துல இருக்கிற நூடுல்ஸ் கடைங்க" என்றால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆறு டேபிள், ஒரு அடுப்பு, சமைப்பது ஒரே ஆள்.

நாலு தடவை போய்ச் சாப்பிட்ட பிறகுதான் எழுதுகிறேன். முதல் தடவை வீட்டுக்காரியும் பையனும் நானும் ஏற்காட்டில் இருந்து இறங்கி வரும்போது, இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து பையனுக்கு வயிறு சரியில்லாமல், சும்மா ஒரு டீ குடிக்கலாம் என்று நிறுத்தினோம். அடுத்த மூன்று தடவையும் இதற்கென்றே சேலத்தில் இருந்து கிளம்பிப் போனது.

உள்ளே நுழைந்ததும் அடுப்படியில் இருந்து ஒரு குரல், "வாங்க தம்பி, பசியாறியாச்சா?" என்று கேட்டது. நம் ஊரில் இந்த நேரத்துக்கு "சாப்டீங்களா" என்றுதான் கேட்போம். "பசியாறுவது" மலேசியத் தமிழர் வாயில் இன்னும் அன்றாடம் புழங்கும் சொல், எங்கள் பாட்டி காலத்துக்குப் பிறகு நான் காதால் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தால் பருத்திப் புடவை, நெற்றியில் குங்குமம், காதில் கம்மல், வயது அறுபது ஒட்டி இருக்கும், முகம் முழுக்கச் சீன முகம்.

அவரைப் பற்றி அவர் எழுதச் சொன்ன அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். பிறந்தது மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு சீனப் புதுக்கிராமம். பெற்றவர்களுக்கு வரிசையாகப் பெண் குழந்தைகள், வீட்டில் வறுமை, இந்தக் குழந்தையின் ஜாதகம் குடும்பத்துக்கு ஆகாது என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் குழந்தை இல்லாத ஒரு தமிழ்த் தம்பதி வாங்கி வளர்த்தார்கள். படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. கல்யாணம் பண்ணியது நம் ஓமலூர் பக்கத்து ஆள், ஈப்போவில் சாப்பாட்டுக் கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், இப்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். இப்படிச் சீன வீட்டில் பிறந்து தமிழ் வீட்டில் வளர்ந்த பெண்கள் மலேசியாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். புடவை கட்டி, காவடி எடுத்து, ஆடிக்குக் கூழ் ஊற்றி, வயதாகிப் பேரன் பேத்தி எடுத்தவர்கள். நமக்குத்தான் இங்கே தெரியாது.

புதுக்கிராமம் என்றால் என்ன என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மலேயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க 1948-ல் ஆங்கிலேயர்கள் அவசரநிலை போட்டார்கள், அது 1960 வரை நீடித்தது. காட்டோரம் குடியிருந்த சீனர்கள் கெரில்லாக்களுக்கு அரிசி கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைக் கிளப்பி, முள்வேலி போட்ட புது ஊர்களில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அந்த ஊர்களுக்கும் தமிழர்களின் தோட்டத்து லயங்களுக்கும் (வரிசை வீடுகள்) நடுவில் பல இடங்களில் ஒரு செம்மண் பாதைதான். அக்காவின் வளர்ப்புத் தாய் அப்படி ஒரு பாதையைத் தாண்டிப் போய்த்தான் குழந்தையை வாங்கி வந்தார்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

இந்தக் கடையில் முதலில் கேட்க வேண்டியது யோங் தாவ் ஃபூ. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தட்டில் வருவது பாகற்காய், வெண்டைக்காய், பஜ்ஜி மிளகாய், கத்தரிக்காய், சோயாக் கட்டி. எல்லாவற்றையும் கீறி, உள்ளே மீன் விழுது திணித்து, கொஞ்சத்தைப் பொரித்தும் கொஞ்சத்தை ஆவியில் வேகவைத்தும், மேலே சோயாவும் மிளகாயும் கலந்த ஒரு கெட்டிச் சாறு ஊற்றித் தருகிறார். நம் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க்கும் பொடி அடைத்த பாகற்காய்க்கும் இதற்கும் கைப்பழக்கம் ஒன்றுதான், உள்ளே போகிறது மட்டும் வேறு.

மூன்றாம் தடவை போனபோது மத்தியானம் மூன்று மணி, கூட்டம் இல்லை, அந்த விழுது செய்வதைக் கிட்ட நின்று பார்த்தேன். மீனைத் தோலோடு பலகையில் விரித்து ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டிச் சதையை மட்டும் எடுக்கிறார், கத்தி போடுவதே இல்லை. கத்தி போட்டால் நார் அறுந்துவிடும், அப்புறம் பிடிப்பு வராது என்றார். உப்புத் தண்ணீர் தெளித்து ஒரே பக்கமாகப் பிசைகிறார். பிறகு உருட்டிக் கையில் எடுத்து எவர்சில்வர் குண்டானில் ஓங்கி அடிக்கிறார், எடுக்கிறார், திரும்ப அடிக்கிறார், ஐம்பது அறுபது தடவை. சத்தம் பஞ்சர் கடை வரைக்கும் கேட்கும். தளர்ந்து கிடந்த மீன் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் பளபளவென்று ஆகி, கடைசியில் விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி மேலே எழும்புகிறது. அந்தப் பதம் வந்த பிறகுதான் பாகற்காய்க்குள் போகும். மேட்டூர் அணை மீனில் இந்தப் பிடிப்பு வரவில்லையாம், வஞ்சிரம் மட்டும் போட்டால் விலைக்குக் கட்டாது, அதனால் வேறு கடல் மீனோடு கொஞ்சம் வஞ்சிரம் சேர்க்கிறார். கசப்பும் உப்பும் மீனும் ஒரே கடியில் வரும்போது ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை எனக்கு. பாகற்காய் என்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் என் பையன் மூன்று துண்டு சாப்பிட்டான்.

விழுது அடித்துக்கொண்டே அவர் கேட்ட கேள்விதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

"தம்பி, உங்க ஊர் கடையில எல்லாம் ஹக்கா நூடுல்ஸ், ஹக்கா நூடுல்ஸ்னு போட்டிருக்காங்களே, ஹக்கான்னா என்னன்னு தெரியுமா?"

ஏதோ நூடுல்ஸ் வகை என்று சொன்னேன். கம்பெனி பெயராக இருக்கும் என்று வீட்டுக்காரி சொன்னாள்.

"அது ஜனங்க பேருப்பா. என்னைப் பெத்தவங்க அந்த ஜனம்தான்."

ஐந்து ரோட்டில் இருந்து ஜங்ஷன் வரைக்கும் சாயங்காலம் நடந்தால் குறைந்தது இருபது தள்ளுவண்டியில் அந்த வார்த்தை எழுதியிருக்கும். பதினைந்து வருஷமாகச் சாப்பிடுகிறேன், அது ஒரு இனத்தின் பெயர் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். ஹக்கா என்றால் அவர்கள் மொழியில் "விருந்தினர் குடும்பங்கள்" என்று அர்த்தம். சீனாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே இறங்கி, போன இடத்தில் எல்லாம் வந்தேறிகளாக எண்ணப்பட்டு, அந்தப் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒரு கூட்டம் மலேயாவின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது, ஈப்போ அப்படி எழும்பின ஊர்தான். இன்னொரு கூட்டம் கல்கத்தாவுக்கு வந்தது.

கல்கத்தாவில் சீனர்கள் குடியேறியது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். டோங் அச்சூ என்ற வியாபாரிக்கு வாரன் ஹேஸ்டிங்ஸ் ஹூக்ளிக் கரையில் நிலம் கொடுக்க, அவர் அங்கே கரும்பு போட்டுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த ஊர் இன்றைக்கும் அவர் பெயரில் அச்சிப்பூர்தான், சீனப் புத்தாண்டுக்குக் கல்கத்தாச் சீனர்கள் அவர் சமாதிக்குப் போய்க் கும்பிட்டு வருகிறார்கள். பின்னால் வந்தவர்களில் ஆளுக்கொரு தொழில். கான்டன் பக்கத்தவர்கள் தச்சு வேலை, ஹூபே மாகாணத்தவர்கள் பல் கட்டுகிற வேலை, ஹக்காக்கள் தோல் பதனிடுவதும் செருப்புத் தைப்பதும். நம் சென்னையிலும் பழைய ஆட்கள் சீனப் பல் டாக்டர் என்று சொல்வார்களே, அவர்களும் இந்தத் தொழிலோடு வந்த சீனர்கள்தான். கல்கத்தாவின் டாங்ரா முழுக்கத் தோல் ஷாப்புகள். 1996-ல் சுப்ரீம் கோர்ட் அவற்றை ஊருக்கு வெளியே போகச் சொன்ன பிறகு நிறையப் பேர் ஹோட்டல் போட்டார்கள், நிறையப் பேர் கனடா போய்விட்டார்கள். டொரண்டோவில் இன்று ஹக்கா ஹோட்டல் என்று போர்டு போட்டு மஞ்சூரியனும் சில்லி சிக்கனும் விற்கிறவர்கள் இந்தக் கல்கத்தாக்காரர்கள்.

மஞ்சூரியன் கதையும் அதில்தான் வருகிறது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் சமையல்காரராக இருந்தபோது 1975-ல் புதிதாக ஏதாவது பண்ணிக்கொடு என்று கேட்டவருக்கு, இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, சோளமாவு கரைத்துவிட்டு இறக்கியது. சீனாவின் மஞ்சூரியா என்கிற பகுதிக்கும் அதற்கும் சமையல் சம்பந்தம் எதுவும் இல்லை. ஒரு இந்தியச் சீனர் இந்திய நாக்குக்காகச் செய்தது. சேலத்தில் கோபி மஞ்சூரியன் இல்லாத கல்யாண வீடு இப்போது உண்டா?

நாம் சாப்பிடும் "சைனீஸ்" கல்கத்தா வழியாக வந்தது. அக்கா கடைச் சாப்பாடு மலேயா வழியாக வந்தது. ஒரே ஜனம் இரண்டு கப்பலில் ஏறி இரண்டு துறைமுகத்தில் இறங்கியிருக்கிறது, இரண்டு இடத்திலும் பக்கத்து வீட்டில் நம்மாட்கள் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் கல்கத்தாவில் சோயா சாஸுக்குள் பச்சைமிளகாய் போனது, ஈப்போவில் நம் வெண்டைக்காய்க்குள் மீன் விழுது போனது. இந்தக் கடைக்குப் போய் "சைனீஸ் என்ன இருக்கு" என்று கேட்காதீர்கள், கேட்டால் அக்கா சிரிப்பார், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மஞ்சூரியன் கிடைக்காது.

இரண்டாவது, மீ கோரெங். இது நூடுல்ஸ் பிரட்டல், ஆனால் சீனர்கள் உருவாக்கியது இல்லை. சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸான மீயை எடுத்து, நம் தமிழ் முஸ்லிம்கள் அங்கே மாமாக் கடை என்று சொல்லும் கடைகளில் உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டை, மிளகாய் அரைப்பு எல்லாம் சேர்த்துச் செய்தது. புளிப்பும் இனிப்பும் காரமும் சேர்ந்து, மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். இங்கே விற்கிற நூடுல்ஸில் அந்த மஞ்சள் மீயின் வழுவழுப்பு வராது என்று அக்கா தானே மாவு பிசைகிறார். அந்த மீக்கு ஒரு காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு மாதிரி ஒன்று) சேர்க்க வேண்டும், அது இல்லாமல் அந்த நிறமும் இழுவையும் வராது. மலேசியாவில் பாட்டிலில் கிடைப்பது இங்கே கிடைக்கவில்லை. ஒரு வருஷம் தேடி அலைந்து, கடைசியில் லீ பஜாரில் ஒரு மளிகைக் கடைக்காரர் அப்பளக்காரத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதுவேதான். நம் அப்பளம் பொரியும் விஷயமும் அவர்கள் மீ வழுக்கும் விஷயமும் ஒரே காரத்தில் இருக்கிறது.

இன்னொன்று செய்கிறார், அதைச் சொல்லாமல் விட்டால் சேலத்துக்காரனாக எனக்குத் தூக்கம் வராது. ஊரில் மீ கோரெங் மேல் மாவுப் பலகாரம் ஒன்றைப் பொரித்துத் துண்டு போட்டுப் போடுவார்களாம். இங்கே அதற்குப் பதில் நம் தட்டுவடையை நொறுக்கிப் போடுகிறார். தட்டுவடை செட் சாப்பிட்டு வளர்ந்த ஊருக்கு இதைவிட மரியாதை வேறு என்ன வேண்டும்? ஆனால் உடனே சாப்பிட வேண்டும். இரண்டு நிமிஷம் போனால் ஊறி நமத்துவிடுகிறது. போன் நோண்டிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் தட்டுவடையைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், தருவார்.

கொய்த்தியாவ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பட்டையான அரிசி நூடுல்ஸ், முளைப்பயறு, இறால். இறால் சின்னது, நாலுதான் இருந்தது. அடுப்புச் சூடு பத்தவில்லை என்று அக்காவே சொல்கிறார், ஊரில் கரி அடுப்பிலும் பெரிய பர்னரிலும் செய்வதில் ஒரு புகை வாசம் ஏறும், இந்த கேஸ் அடுப்பில் அது வராது. உண்மைதான், வரவில்லை. 140 ரூபாய்க்கு இதைவிட மீ கோரெங் மேல். ஹைனான் கோழிச் சோறும் ஒரு நாள் வாங்கினேன், கோழி ஆறிப்போய்த்தான் வரும், அது அப்படித்தான் சாப்பிட வேண்டியது என்று தெரிந்தும் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சோறு மட்டும், கோழிச் சாற்றில் இஞ்சி பூண்டோடு வெந்தது, அவ்வளவு வாசம்.

அப்புறம் தே. நம் டீயைத்தான் அவர்கள் தே என்கிறார்கள். நாமும் தேயிலை, தேநீர் என்று சொல்கிறோம், இலங்கையில் தேத்தண்ணி. அந்தத் "தே" சீனாவின் ஹொக்கியன் பேச்சில் இருந்து கப்பல் ஏறி வந்த சொல். கேரளத்துச் "சாயா"வும் வடக்கத்திச் "சாய்"யும் அதே சீனாவின் இன்னொரு பேச்சு வழக்கிலிருந்து வந்தவை. யோசித்துப் பார்த்தால் வீட்டுக்குள் எத்தனை இருக்கிறது. சீனி சீனாவின் பெயர். தெற்கத்திக்காரர்கள் வாணலியைச் சீனச்சட்டி என்பார்கள். நம் பக்கம் வடச்சட்டி என்று சொல்லிவிடுவதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. அக்காவின் கணவர் தே ஆற்றுவதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம், கை உயரத்துக்கு இழுத்து இழுத்து ஆற்றி நுரை தளும்பத் தருவார். டின் பால் போடுவதால் இனிப்பு தூக்கலாக இருக்கும், முதலிலேயே குறைக்கச் சொல்லுங்கள். காபியும் உண்டு, ஏற்காட்டுக் கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுக் கருக வறுத்து, துணிப்பையில் வடிகட்டித் தருகிறார். டிகாஷன் காபி நாக்குக்கு அது ரொம்பக் கசப்பு. என் மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

இனிப்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் மாம்பழ சீசனில் மட்டும். ஜவ்வரிசியைக் கண்ணாடி மாதிரி வேகவைத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, தேங்காய்ப் பாலும் மல்கோவாக் கூழும் கலந்து, மேலே பழத் துண்டும் கிடைத்தால் பம்பளிமாஸ் சுளையும் போட்டு ஜில்லென்று ஒரு கிண்ணம். ஹாங்காங், சிங்கப்பூர்ச் சீனர்கள் விரும்பிச் சாப்பிடுகிற இனிப்பு. மாம்பழமும் சேலம், ஜவ்வரிசியும் சேலம். இரண்டும் நம் ஊரிலேயே விளைந்தும், இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட நமக்கு இத்தனை வருஷம் தோன்றவில்லை பாருங்கள்.

ஜவ்வரிசிக்கும் இந்தக் கடைக்கும் உறவு இன்னும் பழையது. போருக்கு முன்னால் ஜவ்வரிசி நமக்கு மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில்தான் வந்தது. மலாக்கா பக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே மரவள்ளியைப் பெரிய தோட்டமாகப் போட்டவர்கள் சீனர்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றது. அப்போதுதான், 1943 வாக்கில், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, நம் குச்சிக்கிழங்கு (அதே மரவள்ளிதான்) மாவில் ஜவ்வரிசி உருட்டத் தொடங்கினார்கள். பினாங்கில் பார்த்துக் கற்றது இங்கே தொழிலாகி, இன்று ஆத்தூர், ராசிபுரம் வரை கிழங்கு மில்லுகள், ஊருக்குள் சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். அக்காவிடம் இதைச் சொன்னேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இதுவும் என்னை மாதிரிதான், அங்கேருந்து வந்தது" என்றார்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு மலேயா உண்டு. பாட்டியின் அண்ணன் கங்காணி கூட்டிப்போய் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். சேலம் ஜில்லாவில் இருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். இரண்டு கடிதம் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. அவர் பிள்ளைகள் யார் பக்கத்தில் குடியிருந்தார்கள், யார் வீட்டுப் பலகாரம் சாப்பிட்டார்கள் என்று இந்தக் கடையில் உட்கார்ந்து முதல் தடவையாக யோசித்தேன்.

இப்போது வருத்தமான விஷயம். நான் இருந்த நாலு தடவையில் மூன்று தடவை யாராவது ஒருவர் அக்காவைப் பார்த்து, "நீங்க மணிப்பூரா, நேபாளா?" என்று கேட்டார்கள். ஒரு தடவை நாலு காலேஜ் பையன்கள், அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே ஏதோ பேசிச் சிரித்தார்கள். அவர் தட்டை வைத்துவிட்டு, "நல்லா பசியாறுங்க தம்பிகளா, பத்தலைன்னா கேளுங்க" என்றார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொரோனா வந்த வருஷம் கடை திறந்து சில மாதம்தான் ஆகியிருந்ததாம், ஊரடங்குக்கு முன்னாலேயே ஆட்கள் வருவது நின்றுபோனது. ஒருவர் ரோட்டில் நின்றுகொண்டே, "உங்க நாட்டுக்குப் போ" என்று கத்தியிருக்கிறார். எந்த நாட்டுக்கு என்று அக்கா என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த நாட்டில் இது முதல் தடவையும் இல்லை. 1962 சண்டையின்போது அஸ்ஸாம், வங்காளம் பக்கம் தலைமுறையாக இருந்த சீனக் குடும்பங்களில் சுமார் 3,000 பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். குழந்தைகள், கிழவர்கள் எல்லாரும். சிலர் 1967 வரை உள்ளேயே இருந்தார்கள், சிலரைச் சீனாவுக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தவர்களின் வீடும் கடையும் பலருக்குக் கிடைக்கவில்லை. விசாரணை கிடையாது, குற்றம் என்று ஒன்றும் கிடையாது, முகம்தான். அதைப் படித்த அன்று ராத்திரி என் மனது ஆறவே இல்லை. நாம் காசு கொடுத்து வாரத்துக்கு இரண்டு தடவை சாப்பிடுகிற சாப்பாட்டைக் கொண்டுவந்தவர்களுக்கு நடந்தது இது. தள்ளுவண்டியில் நூடுல்ஸ் பிரட்டுகிற வடகிழக்குப் பையன்களை "டேய் சைனா" என்று கூப்பிடுகிறவர்களை இனிமேல் பார்த்தால் நான் சும்மா இருக்கப் போவதில்லை.

கல்லாவுக்கு மேலே ஒரு பலகையில் முருகன் படமும் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஊதுபத்தி. பினாங்கில் தைப்பூசத்துக்குத் தேர் வரும்போது ரோட்டில் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்களே அதிகம் என்று அக்காவின் கணவர் சொன்னார். சிங்கப்பூரில் வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்றைக் கும்பிட்டவர்கள் மற்றதிலும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அக்கா இங்கே வந்த பிறகு ஒரு நாள் போன கோயில் புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகன். 146 அடிச் சிலை, 2022-ல் குடமுழுக்கு ஆனது. மலேசியாவின் பத்துமலையில் 2006-ல் எழுந்த 140 அடி முருகனைச் செய்த அதே திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதிதான் இதையும் செய்தார். அந்த விவரம் எதுவும் தெரியாமலேயே, கீழே நின்று அண்ணாந்து பார்த்ததும், "எங்க பத்துமலைச் சாமி என் பின்னாடியே இங்க வந்துட்டாரே" என்று அழுதுவிட்டாராம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சமைப்பது ஒரே ஆள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் ஆகிறது, பசியோடு குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். கை கழுவுகிற இடத்தில் சோப்பு இருந்த நாள் குறைவு. மெனு பலகையில் இருப்பதில் பாதி கிடைக்காது. கார் நிறுத்த இடம் இல்லை, ரோட்டோரம் விட்டால் மலை ஏறுகிற பஸ் திரும்பும்போது பயமாக இருக்கிறது. மிளகாய் அரைப்பில் இறாலைப் புளிக்கவைத்துச் செய்த கட்டி சேர்ப்பார்கள், அந்த வாசனை பழகாதவர்களுக்குச் சட்டென்று தூக்கி அடிக்கும், சைவம் சாப்பிடுகிறவர்கள் கண்டிப்பாகக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சைவத்துக்கு மீ மட்டும் தனியாகச் செய்து தருகிறார், ஆனால் சட்டி ஒன்றுதான், கழுவித்தான் செய்கிறார்.

விலை: யோங் தாவ் ஃபூ எட்டுத் துண்டு 160, மீ கோரெங் 120, தே 25, மாம்பழ ஜவ்வரிசி 90. பதினொரு மணிக்குத் திறந்து சாயங்காலம் ஏழு வரை, செவ்வாய் லீவு. பாகற்காய் மத்தியானம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும்.

பார்சல் வேண்டும் என்றால் "தாப்பாவ்" என்று சொல்லுங்கள். சீனச் சொல், மலேசியத் தமிழர்கள் எல்லோரும் சொல்வது. போன ஞாயிறு என் பையன் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "அத்தை, பாகற்காய் ஒரு தாப்பாவ்" என்று கேட்டான். எட்டுக்குப் பதில் பதினொன்று வைத்துக் கட்டிக் கொடுத்தார்.